கிளிக்குத் தெரிந்த மூச்சு

அக்கா போன பிறகு மாஸ்டருக்கு அவள் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்தது ஒரு கிளி. சாம்பல் நிறம், வால் மட்டும் சிவப்பு. அக்கா அதற்கு ‘வாயாடி’ என்று பேர் வைத்திருந்தாள். பேருக்குக் குறைவில்லாமல் அது பேசியது. அதுவும் அக்காவின் குரலிலேயே பேசியது. வாசல் மணி அடித்தால், மாஸ்டர் எழுந்திருப்பதற்குள், “யாரு?” என்று உள்ளிருந்து அக்கா கேட்பாள். அக்காவை எரித்துவிட்டு வந்த கை இன்னும் ஆறவில்லை, அதற்குள் அவள் கூடத்தில் நின்று அதட்டுகிற மாதிரி இருந்தால் யார்தான் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்? பால்காரர் ஒருநாள் மரியாதையாகக் கேட்டேவிட்டார்: “வீட்ல அம்மா யாரும் வந்திருக்காங்களா, மாஸ்டர்?”

மாஸ்டர் என்றால் பள்ளிக்கூட மாஸ்டர் இல்லை. பல்செட் செய்கிறவர். பல் டாக்டர்கள் வாயில் எடுத்த அச்சை அவரிடம் அனுப்புவார்கள். அவர் அதில் பிளாஸ்டர் ஊற்றித் தாடை வார்ப்பார், மெழுகில் பல் நடுவார், கடிமானம் பார்ப்பார், அறுத்துத் தேய்த்துப் பளபளவென்று பாலிஷ் போட்டுத் திருப்பி அனுப்புவார். வீட்டின் முன்னறைதான் பட்டறை. அலமாரித் தட்டுகளில் வரிசை வரிசையாக வெள்ளைத் தாடைகள். புதிதாக வருகிறவர்கள் வாசல்படியிலேயே ஒரு நொடி தயங்குவார்கள். ‘முகமில்லாத சிரிப்பு இத்தனையா!’ என்று ஒருத்தர் சொன்னாராம். மாஸ்டருக்கு அதெல்லாம் பழகிப்போன விஷயம். தனிக்கட்டை. கல்யாணப் பேச்சு இரண்டு மூன்று தடவை வந்து, வந்த வழியே போய்விட்டது. அந்த வீட்டில் அவரைத் தவிர வேறொருவர் படுத்து எழுந்ததே இல்லை.

பட்டறையையும் படுக்கையறையையும் பிரிக்கும் நிலைப்படிக்குப் பக்கத்தில் கிளிக்கூண்டைத் தொங்கவிட்டார். இரண்டு பக்கமும் அதற்குக் கண் இருக்கும், துணையாக இருக்கும் என்பது எண்ணம்.

அக்கா தூக்கத்திலேயே போனவள். காலையில் மகள் காப்பியோடு போய்ப் பார்த்தபோது உடம்பு சில்லிட்டிருந்தது. இதயம் நின்றுவிட்டது என்றார்கள். நாள்பட்ட சர்க்கரை வேறு. “நல்ல சாவு, யாருக்கும் பாரமில்லாம போயிட்டாங்க” என்று வந்தவர்கள் எல்லாரும் வரிசையாகச் சொன்னார்கள். அந்த அறையில் அந்த நேரத்தில் இருந்த ஒரே உயிர் இந்தக் கிளி. அதுதான் மாஸ்டரின் மனசுக்குள் முள்ளாகக் கிடந்தது.

ஒரு பகல் பொழுது. பல் வரிசையை மெழுகில் நட்டுக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து ஒரு சத்தம். மரத்தில் ரம்பம் இழுக்கிற மாதிரி, கரகரவென்று, நீளமாக. அப்புறம் இன்னொரு இழுப்பு. அப்புறம் ஒன்றுமில்லை.

திரும்பினார். கிளி கழுத்தை நீட்டிக்கொண்டு அசையாமல் நின்றது. அலகு பாதி திறந்திருந்தது. ஒன்றுமில்லாத அந்த நேரம் நீண்டுகொண்டே போனது. அவர் கையிலிருந்த மெழுகு ஆறி இறுகிவிட்டது. திடீரென்று கிளி, கிணற்றுக்குள் முங்கியவனைத் தலைமுடியைப் பிடித்து மேலே இழுத்தால் எப்படி மூச்சு வாங்குவானோ அப்படி, ‘ஹக்’ என்று ஒரு சத்தம் போட்டது. பிறகு சாதுவாகத் தலையைச் சொறிந்துகொண்டு, “தம்பி, சாப்ட்டியா?” என்றது. அக்காவின் குரல்.

மாஸ்டர் மெழுகைக் கீழே வைத்தார். அவருக்குச் சந்தேகமே வரவில்லை. இது அக்காவின் கடைசி மூச்சு. சொன்னதைச் சொல்லும் கிளிப்பிள்ளை, அன்றைக்குக் கேட்டதை இன்றைக்குச் சொல்கிறது. நல்ல சாவு என்றார்களே, அவள் இப்படித் திணறித் திணறியா போனாள்?

அதற்குப் பிறகு தினமும் வந்தது அந்தச் சத்தம். பெரும்பாலும் பகலில், அவர் வேலையில் மூழ்கியிருக்கும்போது. கூண்டின் மேல் துணி போட்டுப் பார்த்தார். துணிக்குள்ளிருந்து வந்தபோது அது இன்னும் மோசமாக இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. அக்கா மகளிடம் எப்படிச் சொல்வது? ‘உங்கம்மா செத்ததை என் வீட்டுக் கிளி தினமும் நடிச்சுக் காட்டுது’ என்றா?

அவருக்கே அப்போது உடம்பு சரியில்லை. காலையில் எழுந்தால் தலை கனத்துக் கிடந்தது, நாக்கு அட்டை மாதிரி காய்ந்திருந்தது. எத்தனை மணி நேரம் படுத்தாலும் கண்ணில் தூக்கம் ஒட்டிக்கொண்டே இருந்தது. பாலிஷ் மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே தலை தொங்கிப்போய், ஒருத்தருடைய முன்பல்லை முழுசாகத் தேய்த்துவிட்டார். டாக்டர் போன் போட்டு, “மாஸ்டர், பாட்டிக்குப் பல்லு கேட்டாங்க, நீங்க குழந்தைப் பல்லு அனுப்பியிருக்கீங்க” என்று சிரித்தார். மாஸ்டருக்குச் சிரிப்பு வரவில்லை.

இதெல்லாம் போதாதென்று சர்க்கரை. போன வருஷம் ‘எல்லைக்கோட்டில் நிக்கிறீங்க’ என்று சொன்ன சர்க்கரை டாக்டரம்மா, இந்த வருஷம் ‘கோட்டைத் தாண்டிட்டீங்க’ என்றார். மாத்திரை கொடுத்தார். மாஸ்டர் இனிப்பை விட்டார், சோற்றைப் பாதியாக்கினார், வெறும் தேநீர் குடித்தார். சர்க்கரை இறங்கவில்லை, ஏறியது. அதுவும் காலையில் வெறும் வயிற்றில் பார்த்தால்தான் அதிகம்.

“மாஸ்டர், வாய் பொய் சொல்லும், ரத்தம் பொய் சொல்லாது” என்றார் டாக்டரம்மா, ரிப்போர்ட்டைத் தட்டிக்கொண்டே. “என்ன சாப்பிடுறீங்கன்னு உண்மைய சொல்லுங்க.”

“உண்மையத்தான் சொல்றேன், டாக்டர்.”

அவர் நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. செய்யாத திருட்டுக்கு மாட்டிக்கொண்டவன் போல மாஸ்டர் கூனிக் குறுகி வெளியே வந்தார். பட்டினி கிடந்த வீட்டில் யார் வந்து சர்க்கரையைக் கொட்டிவிட்டுப் போகிறார்கள்?

அடிக்கடி ஒரே கனவு வந்தது. பல்செட் வார்க்கிற அச்சுக்குள் அவரே படுத்திருக்கிறார். மேல் மூடி இறங்குகிறது. யாரோ நிதானமாகத் திருகாணியை முறுக்குகிறார்கள். ஈரப் பிளாஸ்டர் மூக்கிலும் வாயிலும் நிறைந்து, கெட்டியாகி, சூடாகிறது. கூப்பிட வாயைத் திறக்கிறார், வாய்க்குள்ளும் பிளாஸ்டர். விழித்தால் நெஞ்சு உரல் இடிக்கிற மாதிரி இடிக்கும். அறையில் யாரும் இருக்க மாட்டார்கள். கூண்டிலிருந்து ஒரு வட்டக் கண் மட்டும் அவரையே பார்த்துக்கொண்டிருக்கும்.

*

அக்கா மகள் செல்போன் பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்கிறவள். கண்ணுக்குத் தெரியாத திருகாணிகளைக் கழற்றி மாட்டுகிற கை, அதைவிடக் கூர்மையான காது. விடுமுறை நாளில் மாமாவைப் பார்க்க வந்தாள். மாஸ்டருக்கு உள்ளுக்குள் உதறல், கிளி வாயைத் திறந்துவிடக் கூடாதே என்று. அவர் பயந்த மாதிரியே ஆயிற்று. தேநீர் டம்ளரை அவள் வாயருகே கொண்டுபோன நேரத்தில் ரம்பம் இழுத்தது. ஒரு இழுப்பு, இரண்டு இழுப்பு, பிறகு அந்த அமைதி.

டம்ளர் அந்தரத்தில் நின்றது. ‘ஹக்!’

“என்ன மாமா இது?”

மாஸ்டரால் மறைக்க முடியவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “உங்கம்மாதான்மா. கடைசில... இப்படித்தான் போயிருக்கா. நான் உங்கிட்ட சொல்ல வேணாம்னுதான்...”

அவள் முகம் வெளுத்தது. ஆனால் அழவில்லை. “அம்மா குறட்டை விடமாட்டாங்க மாமா. கேட்டதே இல்ல நான்.”

“கடைசி நேரம் வேறம்மா.”

அவள் கூண்டருகே போய் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அரை நாள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். கிளி, “கதவ சாத்து” என்றது, “யாரு?” என்றது, போன் மணி அடித்துக் காட்டியது. பிறகு மறுபடியும் அதே ரம்பம். அவள் காதைக் கம்பியோடு கம்பியாக வைத்துக் கேட்டாள்.

“மாமா, இங்க வாங்க. அது சும்மா இருக்கிற நேரத்துல ஒண்ணு பண்ணுது பாருங்க. நாக்கால.”

மாஸ்டர் குனிந்தார். உண்மைதான். மூச்சு நின்ற அந்த வெற்றிடத்தில் கிளி நாக்கால் மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தது. டக்... டக்... டக்... அளந்து வைத்த மாதிரி, ஒரே சீராக. அந்தத் தட்டல் முடிகிற இடத்தில்தான் ‘ஹக்’ வந்தது.

“என்னவோ சத்தம் அது. கடிகாரமா இருக்கும்” என்றார் மாஸ்டர்.

“கடிகாரம் இவ்ளோ இழுத்து அடிக்காது.” அவள் எழுந்தாள். வீட்டுக்குள் ஒவ்வொரு இடமாகப் போய்க் காது கொடுத்தாள். குழாய், குளிர்சாதனப் பெட்டி, ஜன்னல் கதவு. கடைசியாகப் படுக்கையறைக்குள் போய் மின்விசிறியைப் போட்டாள். பழைய விசிறி, முழு வேகத்தில் வைத்தும் மெல்லத்தான் சுற்றியது. ஒவ்வொரு சுற்றிலும் அதன் தண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து தட்டியது.

டக்... டக்... டக்...

நிலைப்படிக்கு அந்தப் பக்கம் கிளி தலையைச் சாய்த்துக் கேட்டது. பிறகு விசிறியோடு சேர்ந்து, துளி பிசகாமல், தட்ட ஆரம்பித்தது.

அக்கா மகள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். “அம்மா ரூம்ல ஃபேனே கிடையாது மாமா. ஏசிதான்.”

மாஸ்டருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கத் தொடங்கியபோது, முதுகில் யாரோ ஈரத்துணியை வைத்த மாதிரி இருந்தது. “அப்ப இது... இந்த வீட்லதான் கத்துக்கிச்சா?”

“ஆமா.”

“இந்த வீட்ல யாரு? நான் மட்டும்தானம்மா இருக்கேன்.”

“அதான் மாமா” என்றாள் அவள்.

விசிறி தட்டியது. கிளி தட்டியது. இத்தனை வாரமாக அவர் காதைப் பொத்திக்கொண்டு ஒதுங்கியது அக்காவின் சாவிலிருந்து இல்லை. அவர் தினமும் செத்துச் செத்துத் திரும்பி வருவதை யாரோ பக்கத்தில் உட்கார்ந்து, கவனமாகப் பாடம் செய்து, அவருக்கே ஒப்பித்திருக்கிறார்கள்.

அப்போதும் மாஸ்டருக்கு மனசு ஒப்பவில்லை. “கிளிப் பேச்ச நம்பி என்னைச் சாகடிச்சிடாத” என்றார்.

“சரி, படுங்க. நான் பக்கத்துல உக்காந்திருக்கேன். பகல்ல தூங்கறது உங்களுக்குப் புதுசா என்ன?”

தூக்கமா வரப்போகிறது என்று நினைத்துத்தான் படுத்தார். தலையணையில் தலை பட்டதுதான் தெரியும். மறுபடி கண் திறந்தபோது வெயில் ஜன்னலை விட்டு நகர்ந்திருந்தது. அக்கா மகள் கட்டிலோரம் தரையில் உட்கார்ந்து, அவர் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தாள். கன்னம் நனைந்திருந்தது.

“என்னாச்சு?”

“எத்தனை தடவ உங்கள உலுக்க எந்திரிச்சேன் தெரியுமா? நெஞ்சு மேலயும் கீழயும் போகுது, மூச்சுக் காத்து மட்டும் உள்ள போகல. உதடு கறுத்துப் போகுது. போயிட்டீங்கன்னே நினைச்சேன் மாமா. அப்புறம் ஒரு துள்ளு துள்ளி மூச்சு வாங்குறீங்க. கண்ணக்கூடத் திறக்கல. திரும்பவும் அதே.”

“எனக்கு ஒண்ணுமே தெரியலையேம்மா.”

அவள் போனில் பதிவு செய்திருந்ததைப் போட்டாள். தன் குரலைப் பதிவில் கேட்டாலே மனிதனுக்கு அந்நியமாக இருக்கும். தன் உயிர் போவதைக் கேட்பது எப்படி இருக்கும்? ரம்பம் இழுத்தது. நின்றது. விசிறி தட்டியது. மாஸ்டர் தன்னையறியாமல் தன் மூச்சையும் அடக்கிக்கொண்டிருந்தார். எப்போது வரும், எப்போது வரும் என்று நெஞ்சு பதைத்த அந்த இடத்தில், கூண்டுக்குள்ளிருந்து ‘ஹக்’ என்று கேட்டது. போனில் அது வந்தது அதற்கு அப்புறம்தான்.

கிளிக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது.

*

ஆஸ்பத்திரியில் தூக்கப் பரிசோதனைக்காக உடம்பெல்லாம் வயர் ஒட்டி ஓர் இரவு படுக்க வைத்தார்கள். முடிவு வந்ததும் சர்க்கரை டாக்டரம்மா காகிதத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். முதலில் சொன்னது இதுதான்: “மன்னிச்சுக்கோங்க. நீங்க ஒளிச்சு வெச்சுச் சாப்பிடறீங்கன்னு நினைச்சுட்டேன்.”

பிறகு விளக்கினார். “தூங்கும்போது தொண்டைத் தசை தளர்ந்து வழிய அடைச்சிடுது. உள்ள பிராணவாயு குறையுது. யாரோ கழுத்த நெரிக்கிறாங்கன்னு உடம்பு நினைச்சுக்கும். சண்டை போடணும், இல்ல ஓடணும். அதுக்குத் தெம்பு வேணும்னு ஈரல் சர்க்கரைய எடுத்து ரத்தத்துல கொட்டும். நீங்களோ எங்கயும் ஓடல, கட்டில்ல கிடக்குறீங்க. அந்தச் சர்க்கரை எங்க போகும்? இதே கூத்து விடிய விடிய. நாளாக ஆக, இன்சுலின் சொல் பேச்ச உடம்பு கேக்கறத விட்டுடுது.”

“அப்ப என் சர்க்கரைக்கு இதுதான் காரணமா டாக்டர்?”

“இது மட்டும்னு சொல்ல மாட்டேன். எடை இருக்கு, குடும்பத்துல இருக்கு. எடை ஏறினா மூச்சு அடைக்கும். மூச்சு அடைச்சா தூக்கம் கெடும், சர்க்கரை ஏறும், பசி ஏறும், திரும்ப எடை ஏறும். ஒண்ணோட வால ஒண்ணு கவ்விக்கிட்டுச் சுத்துது. இத்தனை நாள் நாம வால மட்டும் பிடிச்சு இழுத்துட்டு இருந்தோம்.”

பட்டினி கிடந்த வீட்டில் சர்க்கரை கொட்டியது யார் என்று மாஸ்டருக்குத் தெரிந்துவிட்டது. கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது, கொஞ்சம் உடம்பு கூசவும் செய்தது. தன்னைக் கொல்ல வந்தவனும் தானே, தப்பிக்கப் போராடியவனும் தானே. நடுவில் படுத்துக் கிடந்த மனிதனுக்கு மட்டும் சேதி போகவில்லை.

தூக்கத்தில் தொண்டை அடைக்காமல் காற்றை உள்ளே தள்ளும் மிஷின் ஒன்று கொடுத்தார்கள். மூக்கை மூடும் முகமூடி, அதிலிருந்து ஒரு நீளக் குழாய். அத்தனை பேர் வாயை அளந்தவர் மூக்கை இப்போது வேறொருவர் அளந்தார். மாட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்த்தவர், “தும்பிக்கை ஒண்ணுதான் குறைச்சலா இருந்துச்சு” என்றார். அவர் தொந்தியைப் பார்த்து அக்கா மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். கிளிக்கு மட்டும் அது வேடிக்கையாக இல்லை. முகமூடியோடு அவர் நிலைப்படியைத் தாண்டியதும் இறக்கையை அடித்துக்கொண்டு, “யாரு? யாரு? யாரு?” என்று அக்கா குரலில் அலறியது. மாஸ்டர் முகமூடியைக் கழற்றி, “நான்தான்க்கா” என்று சொல்ல வேண்டியதாயிற்று. சொன்ன பிறகுதான் யாருக்குப் பதில் சொன்னோம் என்று உறைத்தது.

முதல் சில நாள் முகமூடியோடு மல்லுக்கட்டினார். மூக்கு காய்ந்தது, வார் கன்னத்தை அறுத்தது, தூக்கத்தில் அவரே பிடுங்கிப் போட்டார். பிறகு ஒரு காலை, தலை கனக்காமல் எழுந்தார். அலமாரியிலிருந்த தாடைகளின் ஓரங்கள்கூடத் தெளிவாகத் தெரிந்தன. இவ்வளவு காலம் கண்ணாடி துடைக்காமல் உலகத்தைப் பார்த்தோமோ என்று தோன்றியது. பச்சைத்தண்ணீர் மாதிரி அந்தப் பிளாஸ்டர் கனவு வடிந்து போயிற்று.

சர்க்கரை ஒரே நாளில் இறங்கிவிடவில்லை. மாத்திரையும் தொடர்ந்தது, நடையும் தொடர்ந்தது. நடக்கத் தெம்பு வந்தது என்பதே பெரிய விஷயம். அடுத்தடுத்த ரிப்போர்ட்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. “கோட்டுக்கு இந்தப் பக்கம் வர்றது கஷ்டம், ஆனா கோட்டு மேலயே நிக்கலாம்” என்றார் டாக்டரம்மா. எழுந்து போகும்போது சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டார்: “உங்க அக்காவும் சர்க்கரைக்காரங்கன்னு சொன்னீங்களே, தூக்கத்துலதானே போனாங்க?”

“அவங்க குறட்டை விடமாட்டாங்க டாக்டர்” என்றாள் கூட வந்திருந்த அக்கா மகள்.

“எல்லாரும் சத்தமா விடணும்னு இல்ல. பொம்பளைங்களுக்குப் பல நேரம் வெறும் அசதி, தலைவலின்னுதான் தெரியும். பக்கத்துல படுத்தவங்களுக்குக்கூடத் தெரியாது.”

திரும்பி வந்து வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது அவள் சொன்னாள்: “நான் பக்கத்துலயே படுக்கல மாமா. வேலை கிடைச்சதுலேர்ந்து மாடி ரூம்லதான். கேட்டதே இல்லன்னு சொன்னேன்ல... கேக்கற தூரத்துலயே நான் இல்ல.”

மாஸ்டர் அவள் தலையில் கையை வைத்தார்.

“கிளி இருந்துச்சில்ல. அதுக்குத் தெரியும். ஒரு நாளைக்கு எங்க வீட்டுக்குக் கொண்டுவாங்க.”

வேண்டாம் என்றுதான் அவருக்குத் தோன்றியது. ஆனால் அவளுக்கு வேண்டும் என்பது கண்ணில் தெரிந்தது. அடுத்த விடுமுறையன்று கூண்டைத் தூக்கிக்கொண்டு போனார். அக்காவின் அறை அப்படியே இருந்தது. கட்டில், போர்வை, சுவரோடு ஒட்டிய மேஜை. கூண்டை மேஜை மேல், முன்பு இருந்த இடத்திலேயே வைத்தாள். திரைச்சீலையை இழுத்து மூடி, விளக்கைப் போட்டு, ஏசியையும் ஓடவிட்டாள். இருவரும் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து காத்திருந்தார்கள்.

வாயாடி சுற்றுமுற்றும் பார்த்தது. கட்டிலைப் பார்த்தது. ஒரு கம்பியிலிருந்து இன்னொரு கம்பிக்கு நகர்ந்தது. வெகு நேரம் ஒரு சத்தமும் இல்லை. வந்த காரியம் ஆகாது என்று மாஸ்டர் எழப்போனபோது, அது மெல்ல இறகைச் சிலுப்பி ஒரு கொட்டாவி விட்டது. அசந்து களைத்த ஒரு பொம்பளையின் கொட்டாவி. பிறகு, அவர்கள் இருவரும் அதுவரை அதன் வாயில் கேட்டிராத தாழ்ந்த குரலில் சொன்னது:

“லைட்ட அணைச்சிட்டுப் போ, கண்ணு. அம்மாக்குத் தலை வலிக்குது.”

அக்கா மகள் எழுந்தாள். ஒரு கணம் சுவரோடு நின்றுவிட்டு, விளக்கை அணைத்தாள்.

இருட்டில் மாஸ்டர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இப்போது வரும், இப்போது வரும் என்று. ஏசியின் முனகல் மட்டும் கேட்டது. கிளி அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. தெரியாததால் சொல்லவில்லையா, சொல்ல மனசில்லையா என்பது அதற்கே வெளிச்சம். பக்கத்தில் அக்கா மகள் சத்தமில்லாமல் அழுவது கட்டிலின் அதிர்வில் தெரிந்தது. அவர் அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

“நாளைக்கு நீயும் அந்தத் தூக்கப் பரிசோதனைக்கு எழுதிக் குடு” என்றார்.

“ம்” என்றாள் அவள்.